முன்தட்டு ஒட்டு ஏன் பிளந்தது: முத்துப்பேட்டைப் படகு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஜாம்புவானோடை படகுத்துறையிலிருந்து கோரையாற்று வழியாக முத்துப்பேட்டை லகூனுக்குள் போய்வரும் 15 அடிப் படகு இது. வீட்டுக் கொட்டகையில் கட்டியது. நடுவில் நாலரை அடி அகலம். அடி 9 எம்எம், பக்கங்களும் மேல்தட்டும் 6 எம்எம், எல்லாம் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட். முன்னால் நாலடி நீளத்துக்கு மூடிய முன்தட்டு, இரு பக்கமும் ஆறு இன்ச் அகலத்துக்கு ஓரத்தட்டு, பின்னால் இரண்டடிக்குப் பின்தட்டு. இரண்டு ஐப்பசி, கார்த்திகை மழை தாண்டியதும் முன்தட்டின் இடப்பக்க ஒட்டு இரண்டடி நீளத்துக்குப் பிளந்துகொண்டது. விரல் நகம் நுழையும் அளவு இடைவெளி. வலப்பக்கம் பார்வைக்கு ஒன்றும் இல்லை, ஆனால் ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டினால் பாதி தூரம் உள்ளே காலியாக இருப்பதுபோன்ற சத்தம் கேட்டது.

அடியிலும் பக்கங்களிலும் ஒரு குறையும் இல்லை. தண்ணீரிலேயே கிடந்த பாகம் திடமாக இருக்க, தண்ணீர் படாத மேல்பாகம் போய்விட்டது. பிளைவுட் படகுகளில் அடிக்கடி நடப்பதுதான். மரத்தை மக்கவைப்பது பெரும்பாலும் மழைத் தண்ணீர், உப்புத் தண்ணீர் அவ்வளவாக இல்லை. மக்கவைக்கும் பூஞ்சைக்கு உப்பு ஒத்துவராது. மேல்தட்டு ஒட்டில் இறங்கும் மழைநீர் வெயில் படாத, காற்றுப் புகாத மூலையில் போய் நின்றுவிடும். அந்த மூலையை மழைக்காலம் முடியும்வரை யாரும் பார்ப்பதில்லை.

பிரித்துப் பார்த்ததில்

முன்தட்டை எடுப்பதற்கு ஏதும் உடைக்க வேண்டி வரவில்லை. பட்டித்தகடு ஒன்றைப் பிளவில் நுழைத்து லேசாக நெம்பியதும் அடிக்கணக்கில் கழன்று வந்தது. உடலின் மேல்விளிம்பில் உள்ளே ஓடும் தேக்குச் சட்டத்தில் ரெசின் அப்படியே பலகை போல ஒட்டியிருந்தது. ஆனால் பிளைவுட் பக்கம் பளிச்சென்று சுத்தம். ரெசின் மேல் பிளைவுட்டின் நார்க்கோடுகள் அச்சு எடுத்ததுபோலப் பதிந்திருந்தன. ஒரு நார்கூட அதில் ஒட்டி வரவில்லை.

இந்த ஒரு காட்சியே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. நல்ல ஒட்டைப் பிரித்தால் மரம் கிழிய வேண்டும். மரம் கிழியாமல் பசை மட்டும் உரிந்து வந்தால், மரத்தைப் பசை பிடிக்கவே இல்லை என்று பொருள். படகில் போட்டிருந்தது பாலியெஸ்டர் ரெசின். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரை முழுக்க ஃபைபர் படகுகள் பெருகின. அவற்றைப் பழுதுபார்க்கும் பட்டறைகளில் கிடைப்பது இந்த ரெசின்தான், மூக்கைத் துளைக்கும் வாசனையோடு, ஆக்சிலரேட்டரும் கேட்டலிஸ்டும் தனித்தனிப் பாட்டிலில். ஃபைபர் படகுக்கு அது சரியான பொருள். மரத்தோடு மரத்தை ஒட்டுவதற்கு ஆகாது. காயும்போது சுருங்கும், காய்ந்தபின் மொறுமொறுப்பாகிவிடும், மரம் ஈரம் குடித்து உப்பி, பிறகு வற்றிச் சுருங்கும் அசைவைத் தாங்காது. மரப்படகின் ஒட்டுக்கு எபாக்சி வேண்டும். விலை பல மடங்கு என்பது உண்மைதான், ஆனால் மேல்தட்டு ஒட்டுக்கு மட்டும் தேவைப்படும் அளவு ஒரு கிலோவைத் தாண்டாது.

ரெசினை மட்டும் பழி சொல்லி நிறுத்தினால் அடுத்த படகும் பிளக்கும். இதே படகில் எபாக்சி போட்டிருந்தாலும் நாலைந்து மழைக்குமேல் நின்றிருக்காது. சட்டத்தின் மேல் இருந்த ரெசினின் கனத்தை அளந்தபோதுதான் அது தெரிந்தது. உள்விளிம்பில் காகித கனம், வெளிவிளிம்பில் 4 எம்எம், அணியத்தை (படகின் முன்முனையை) நெருங்கும் இடத்தில் 8 எம்எம். பலகை சட்டத்தின் மேல் உட்காரவே இல்லை. உள்விளிம்பின் கூர்மூலையில் மட்டும் தொட்டு நின்றது, மீதி இடைவெளியை ரெசின் அடைத்திருந்தது. இழுத்துப் பிடிக்க ஆறு இன்ச்சுக்கு ஒரு கறுப்பு ஸ்குரூ. ஜிப்சம் போர்டுக்கு அடிக்கும் அந்த ஸ்குரூக்களில் பாதிக்குமேல் தலை மட்டும் மிச்சம், தண்டு துருவாகிக் கையில் உதிர்ந்தது. துருவைச் சுற்றி மரம் கறுத்திருந்தது. அணியத்தின் இடமூலையில் 14 இன்ச் நீளத்துக்குச் சட்டத்தில் குத்தூசி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது.

பிளவு தெரிந்த பிறகு மேலே சிலிக்கான் சீலன்ட் தடவப்பட்டிருந்தது. இதைச் செய்யவே கூடாது. சிலிக்கான் பட்ட இடத்தில் பெயின்ட் நிற்காது, எபாக்சி பிடிக்காது. உப்புத்தாள் போட்டால் எண்ணெய்ப்பசை போலப் பரவி நல்ல இடத்தையும் கெடுக்கும், துணியால் துடைத்தாலும் மெல்லிய படலம் நிற்கும். இங்கே வேறு வழியின்றிச் சட்டத்தின் மேல்முகத்தை இழைப்புளியால் ஒரு எம்எம் சீவி எறிந்தார்கள். பிளைவுட்டின் ஓரத்தையும் வெட்டி எறிய வேண்டியதாகிவிட்டதால் பழைய முன்தட்டு பயன்படவில்லை. 

பலகை ஏன் உட்காரவில்லை

படகின் பக்கங்கள் செங்குத்தாக நிற்பதில்லை, மேலே போகப்போக வெளியே விரிகின்றன. பக்கத்தின் உள்ளே அடிக்கும் சட்டமும் அதோடு சேர்ந்து சாய்கிறது. அதனால் சட்டத்தின் மேல்முகத்தில் உள்விளிம்பு உயர்ந்தும் வெளிவிளிம்பு தாழ்ந்தும் இருக்கும். மேல்தட்டும் நடுவை நோக்கி எழும்புகிறது, ஆனால் அந்த எழுச்சி வேறு கோணம். இரண்டு கோணமும் ஒன்றாகும்வரை உள்விளிம்பைச் சீவ வேண்டும்.

இந்தப் படகின் அளவையே எடுத்துக்கொள்ளலாம். சட்டம் 19 எம்எம் கனம், பக்கப் பிளைவுட் 6 எம்எம், ஆக ஒட்டும் அகலம் 25 எம்எம். முன்தட்டின் பின்முனையில் படகு 1200 எம்எம் அகலம், பக்கம் 15 டிகிரி சாய்வு. 25 எம்எம் அகலத்தில் உள்விளிம்பு சுமார் 6.5 எம்எம் உயர்ந்து நிற்கும். மேல்தட்டின் நடு எழுச்சி 40 எம்எம் என்றால் ஓரத்தில் அதன் சாய்வு ஏறக்குறைய ஏழரை டிகிரி, 25 எம்எம்-க்கு 3.3 எம்எம் ஏற்றம். வித்தியாசம் சுமார் 3 எம்எம், அவ்வளவைச் சீவினால் போதும். அணியத்தை நெருங்கி 400 எம்எம் அகலமாகக் குறுகும் இடத்தில் பக்கம் 25 டிகிரி விரிகிறது, உள்விளிம்பு பத்தரை எம்எம் உயரம். மேல்தட்டின் ஏற்றமோ அங்கே ஒரு எம்எம் மட்டும். சீவ வேண்டியது சுமார் 9 எம்எம். நாலடிக்குள் 3-லிருந்து 9-க்கு மாறும் சாய்மானம் இது. இழைப்புளியை ஒரே கோணத்தில் பிடித்து ஓட்டிவிட்டால் ஓர் இடத்தில் சரியாக இருந்து மற்ற இடமெல்லாம் தப்பாகும். பழைய வேலையில் சீவவே இல்லை.

இன்னொரு தப்பு குறுக்குக் கட்டைகளில். முன்தட்டுக்குக் கீழே மூன்று கட்டைகள், மூன்றுக்கும் நடு எழுச்சி 40 எம்எம். அகலம் 1200 இருந்தாலும் 800 இருந்தாலும் 400 இருந்தாலும் அதே 40. பார்வைக்கு ஒழுங்காகத் தெரியும், ஆனால் பிளைவுட் ஒரு பக்கமாகத்தான் வளையும். பாயைச் சுருட்டலாம், அதே நேரத்தில் குறுக்கிலும் வளைக்க முடியாது. அகலம் குறையக் குறைய எழுச்சி அப்படியே நின்றால் வளைவு இறுகிக்கொண்டே போகும், பலகை இரண்டு பக்கமும் வளைய வேண்டிவரும். முடியாதபோது ஓரம் எழும்பும். இடப்பக்கம் பிளந்த அந்த இரண்டடி சரியாக இரண்டாம், மூன்றாம் கட்டைக்கு நடுவில் இருந்தது.

சரியான வழி எல்லாக் கட்டையையும் ஒரே வட்டத்திலிருந்து எடுப்பது. 1200-க்கு 40 எழும்பும் வட்டத்தின் ஆரம் சுமார் நாலரை மீட்டர். அதே வட்டத்தில் 800 அகலத்துக்கு 18 எம்எம், 400-க்கு நாலரை எம்எம் மட்டுமே எழுச்சி வரும். அப்போது நடுக்கோடு முன்னிருந்து பின்வரை நேராக ஓடும். நூல் கட்டிப் பார்த்தால் எல்லாக் கட்டையும் நூலைத் தொட வேண்டும். பக்கங்களின் மேல்விளிம்பு இந்த உயரங்களோடு ஒத்துவராவிட்டால் சட்டம் அடிக்கும் முன்பே விளிம்புக்கோட்டைத் திருத்திக்கொள்வது நல்லது. அடித்தபின் திருத்துவது பெரிய வேலை.

வட்டம் வரைய நாலரை மீட்டர் கயிறு தேவையில்லை. பலகையில் 1200 எம்எம் இடைவெளியில் இரண்டு ஆணி, நடுவில் 40 எம்எம் மேலே மூன்றாவது ஆணி அடியுங்கள். இரண்டு ரீப்பரை (நேரான, மெல்லிய மரச்சட்டம்) எடுத்து, ஒவ்வொன்றும் நடு ஆணியையும் ஓர் ஓர ஆணியையும் உரசும்படி வைத்து, சேரும் இடத்தில் அசையாமல் ஆணி அடித்துப் பிடியுங்கள். ரீப்பர் ஒவ்வொன்றும் குறைந்தது நாலடி இருக்க வேண்டும். நடு ஆணியைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் பென்சிலை வைத்து, ரீப்பர்கள் ஓர ஆணிகளில் உரசியபடியே நகர்த்தினால் பென்சில் துல்லியமான வட்டவில் வரையும். இதை 6 எம்எம் பிளைவுட்டில் வெட்டி வைத்துக்கொண்டால் அதுவே கட்டை வெட்ட அச்சு, சாய்மானம் பார்க்கவும் அச்சு. குட்டைக் கட்டைகளுக்கு இந்த அச்சின் நடுப்பாகத்தை எடுக்க வேண்டும்.

மூடிய காற்று

மூன்றாவது காரணம் வெளியே தெரியாதது. முன்தட்டுக்கு அடியில் தடுப்புப் பலகை அடித்து மிதவை அறையாக மூடியிருந்தார்கள். மூடியும் இல்லை, துளையும் இல்லை. மேலே கருநீலப் பெயின்ட். சித்திரை வெயிலில் கரையில் கவிழ்க்காமல் கிடக்கும் படகில் அந்த அறைக்குள் இருக்கும் காற்று காலையில் 30 டிகிரி, மதியம் 55 டிகிரி ஆவது பெரிய விஷயமில்லை. 25 டிகிரி ஏற்றத்தில் அடைபட்ட காற்றின் அழுத்தம் எட்டு சதவீதம் கூடும். சதுர மீட்டருக்குச் சுமார் 850 கிலோ. 0.9 சதுர மீட்டர் முன்தட்டை அடியிலிருந்து முக்கால் டன் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். நடைமுறையில் அவ்வளவு சேரும் முன்பே பலவீனமான இடத்தில் காற்று கசிந்துவிடும், அந்தக் கசிவுதான் பிளவின் தொடக்கம். சாயங்காலம் படகைத் தண்ணீரில் தள்ளியதும் உள்ளே காற்று குளிர்ந்து சுருங்கும், பிளவு வழியாக வெளியிலிருந்து இழுக்கும். ஓரத்தில் நிற்கும் தண்ணீர் சொட்டாமல் உறிஞ்சப்பட்டே உள்ளே போகிறது. தினம் ஒரு முறை இந்தப் பம்பு அடிக்கிறது.

தீர்வு எளிது. எட்டு இன்ச் திருகுமூடி ஒன்று தடுப்புப் பலகையில் வைத்து, கரையில் ஏற்றியதும் திறந்துவைக்க வேண்டும். மறந்துபோகும் என்பதால் அதே தடுப்பின் உச்சியில் 3 எம்எம் துளை ஒன்றும் போட வேண்டும். படகு கவிழ்ந்து கிடந்தாலும் இவ்வளவு சின்னத் துளையில் தண்ணீர் புக நேரம் பிடிக்கும், ஆனால் காற்று தாராளமாக மூச்சுவிடும். மேலே வெள்ளை அல்லது சந்தன நிறப் பெயின்ட்.

மறுகட்டு

தை கழிந்து பனி குறையும் நேரத்தில் வேலை எடுப்பது டெல்டாவில் வசதி. மழையும் இல்லை, 38 டிகிரிக் கொதிப்பும் இல்லை. முதலில் திறந்த மரத்தை நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும், உப்பு தங்கினால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், மரம் காயவே காயாது. கழுவியபின் நிழலில், காற்றோட்டத்தில் இரண்டு வாரம். காய்ந்ததா என்று தெரிய ஒரு துண்டு பாலிதீனை மரத்தின் மேல் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் காலை வெயில் பட்ட ஒரு மணி நேரத்தில் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. அதே சட்டத்திலிருந்து அறுத்த துண்டைச் சமையலறைத் தராசில் தினமும் நிறுத்துப் பார்ப்பது இன்னும் நம்பகமானது. எடை மூன்று நாள் மாறாமல் நின்றால் வேலையைத் தொடங்கலாம்.

மக்கிய 14 இன்ச் சட்டத்தை, நல்ல மரம் தெரியும் இடத்திலிருந்து இன்னும் நாலு இன்ச் தாண்டி வெட்டி, புதுத் துண்டைச் சாய்வு ஒட்டாக இணைத்தார்கள். கனத்தைப் போல எட்டு மடங்கு நீளச் சாய்வு, 19 எம்எம் சட்டத்துக்கு 150 எம்எம். தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு. அதை 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் துணியில் நிறம் வருவது நிற்கும்வரை துடைத்து, உடனே ஒட்ட வேண்டும். காலையில் துடைத்து மாலையில் ஒட்டினால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும்.

சாய்மானம் சீவும் முறை இது. ஆறு இன்ச்சுக்கு ஒரு முறை அச்சைப் படகின் குறுக்கே, இரு பக்கச் சட்டத்தின் மேலும் வைக்க வேண்டும். அச்சு உள்விளிம்பில் தொட்டு வெளியே தூக்கி நிற்கும். அந்த இடத்தில் ரம்பத்தால் சட்டத்தில் ஒரு வெட்டுப் போட்டு, அச்சு முழு அகலத்திலும் உட்காரும் வரை அந்த வெட்டின் அகலத்துக்கு மட்டும் உளியால் கொத்த வேண்டும். வெளிவிளிம்பைத் தொடக்கூடாது, அதுதான் படகின் விளிம்புக்கோடு. நாலடிக்கு இப்படி ஒன்பது வெட்டுகள். பிறகு இழைப்புளியை எடுத்து, வெட்டுக்கு வெட்டு இடையில் இருக்கும் மேட்டை மட்டும் சீவினால் கோணம் தானாக மாறிக்கொண்டே போகும். வெட்டின் அடையாளம் மறையும் நொடியில் நிறுத்த வேண்டும். கடைசியில் அச்சின் விளிம்பில் காவி தடவி வைத்து அழுத்தினால் சட்டத்தில் காவி 25 எம்எம் அகலமும் பட வேண்டும். இந்தப் படகில் இரு பக்கமும் சேர்த்து அரை நாள் வேலை. இந்த அரை நாளைக் குறைக்க எந்தப் பசையாலும் முடியாது.

புது முன்தட்டை 10 எம்எம் கூடுதலாக வெட்டி, அடிப்பக்கத்துக்கு எபாக்சி மூன்று பூச்சு கொடுத்தார்கள். மேல்தட்டு ஏறிய பின் அங்கே பிரஷ் எட்டாது. பூச்சுக்கு நேரம் பார்க்க வேண்டும். பிற்பகல் 3 மணிக்குமேல், வெயில் இறங்கும்போது பூசினால் மரத்துக்குள் இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி எபாக்சியை உள்ளே இழுக்கும். காலையில் பூசினால் அதே காற்று விரிந்து குமிழ் குமிழாக வெளியே வரும். ஆனால் ராத்திரிப் பனி இறங்கும் முன் தார்ப்பாய் போட்டு மூடிவிட வேண்டும். ஈரக்காற்றில் காயும் எபாக்சியின் மேல் மெழுகு போல ஒரு படலம் வரும், கையால் தடவினால் வழுக்கும். அதன் மேல் எதுவும் ஒட்டாது. உப்புத்தாளுக்கு முன் வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் போட்டுக் கழுவினால் போய்விடும். கழுவாமல் தேய்த்தால் படலம் தாளில் அடைத்துக்கொண்டு மரத்தில் பரவும்.

ஒட்டும் நாளுக்கு முந்தின நாள் பசையில்லாமல் முழுதாக ஒரு முறை ஏற்றிப் பார்க்க வேண்டும். அணியத்திலும் பின்கட்டையிலும் நடுக்கோட்டில் ஒவ்வொரு சின்ன ஆணி, மறுநாள் வழவழவென்று இருக்கும்போது பலகை அதே இடத்தில் இறங்க இது தேவை. வெளிவிளிம்பிலிருந்து 15 எம்எம் உள்ளே, ஆறு இன்ச்சுக்கு ஒன்றாக ஸ்குரூவுக்குத் துளை. ஸ்குரூக்கள் பிடிமானத்துக்கு மட்டும், மறுநாள் கழற்றப்போகிறவை, அதனால் சாதா ஒன்றரை இன்ச் ஸ்குரூ போதும். ஒவ்வொன்றையும் மெழுகுவத்தியில் உரசி, 40 எம்எம் சதுரப் பிளைவுட் துண்டு வழியாக முடுக்க வேண்டும், துண்டுக்கு அடியில் பாலிதீன். நிரந்தரமாக விட்டால் ஒவ்வொரு ஸ்குரூவும் தண்ணீருக்கு ஒரு வழி. 6 எம்எம் பலகையில் தலைக்குக் குழி தோண்டியபின் மிச்சம் இருக்கும் 3 எம்எம் மரத்தால் என்ன பிடித்துவிட முடியும்? எபாக்சி பிடித்தால் ஸ்குரூ தேவையில்லை, பிடிக்காவிட்டால் ஸ்குரூ காப்பாற்றாது.

எபாக்சியைக் கண்ணளவில் கலக்காமல் தராசில் நிறுத்துக் கலக்க வேண்டும், டப்பாவில் சொன்ன விகிதம் எடைக்கா கொள்ளளவுக்கா என்று படித்துவிட்டு. ஹார்டனரை (எபாக்சியை இறுகவைக்கக் கலக்கும் இரண்டாம் பாகம்) கூடப் போட்டால் சீக்கிரம் காயும் என்று நினைப்பது பாலியெஸ்டர் பழக்கம். எபாக்சியில் கூடினாலும் குறைந்தாலும் ரப்பர் போலவே நிற்கும். ஒரு முறைக்கு 150 கிராமுக்குமேல் வேண்டாம், கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிவிட வேண்டும். குவளையிலேயே வைத்தால் தன் சூட்டில் தானே கொதித்துப் புகைய ஆரம்பிக்கும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் வேலை நேரம் ஏறக்குறைய பாதியாகும், மெதுவான ஹார்டனரே டெல்டாவுக்கு ஏற்றது.

முதலில் எதுவும் சேர்க்காத எபாக்சியைச் சட்டத்திலும் பலகையிலும் பிரஷால் தடவி, பத்து நிமிடம் விட வேண்டும். வெட்டுமுனை உள்ள இடம் குடித்துவிட்டு மங்கும், அங்கே இன்னொரு தடவை. அதற்குப் பிறகு சிலிக்கா பவுடர் கலந்து மருதாணி விழுது பதத்துக்கு, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்குக் கெட்டியாக்கி, சட்டத்தின் நடுவில் 4 எம்எம் உயர வரப்பாக இழுக்க வேண்டும். பலகையை இறக்கி, நடுக்கோட்டில் பின்கட்டையிலிருந்து அணியம் நோக்கி முதலில் பிடித்து, பிறகு இடம் ஒன்று வலம் ஒன்றாக ஓரத்துக்கு வர வேண்டும். ஒரு பக்கம் முழுக்க முடுக்கிவிட்டு மறுபக்கம் போனால் பலகை திருகிக்கொள்ளும். ஓரத்தட்டுகளுக்கு ஸ்குரூவே இல்லாமல் பழைய சைக்கிள் டியூபை நீளவாட்டில் கீறி, உடலைச் சுற்றி இறுக்கிச் சுற்றினார்கள். நெல் சாக்கில் மணல் கட்டி மேலே வைத்ததும் உதவியது.

முடுக்குவதில் நிதானம் வேண்டும். இருக்கும் பலம் எல்லாம் போட்டு முறுக்கினால் பசை முழுக்க வெளியே பிதுங்கி ஒட்டு வறண்டுவிடும். வெளியேயும் உள்ளேயும் பசை அறாமல் ஒரு நூல் போலப் பிதுங்கி வந்தால் நிறுத்திவிடலாம். உள்பக்கத்தை மூடி வழியாகக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்க்க வேண்டும். நூல் அறுந்த இடம் எல்லாம் வெற்றிடம், பசை ஈரமாக இருக்கும்போதே அங்கே விரலால் அடைத்துவிடலாம். அதே சமயம் உள்மூலை நெடுக 12 எம்எம் ஆரத்துக்கு விழுதை வழித்து மூலையை உருட்டிவிட்டால் ஒட்டின் அகலம் இன்னும் கூடும். எட்டு இன்ச் மூடி என்று சொன்னதற்கு இதுவும் காரணம், அதைவிடச் சின்ன மூடியில் கையை விட்டு வேலை செய்வது சிரமம்.

மறுநாள் ஸ்குரூ கழற்றும்போது ஒன்றிரண்டு அசையாது. தலையில் சால்டரிங் அயர்னை அரை நிமிடம் வைத்தால் எபாக்சி இளகி விடும். துளைகளை 6 எம்எம் அளவுக்குப் பெரிதாக்கி, எபாக்சியில் தோய்த்த மூங்கில் குச்சி அடித்து வெட்டிவிட்டார்கள்.

ஓரமும் சோதனையும்

கூடுதலாக விட்டு வெட்டிய 10 எம்எம்-ஐச் சீவிவிட்டு, ஓரத்தை 6 எம்எம் ஆரத்துக்கு உருட்ட வேண்டும். கூர்மூலையில் கிளாஸ் துணி (கண்ணாடி இழைத் துணி) உட்காராது, தூக்கிக்கொண்டு அடியில் காற்று நிற்கும். பிளைவுட்டின் வெட்டுமுனை நூற்றுக்கணக்கான வைக்கோல் துண்டுகளை நிறுத்திவைத்ததுபோல, தண்ணீரை அப்படியே குடிக்கும். இங்கே எபாக்சி மூன்று தடவை, பிறகு 100 எம்எம் அகலக் கிளாஸ் டேப் பாதி மேலும் பாதி பக்கத்திலுமாக. அதன் வெளியே வரும் உரசல் கட்டையை எபாக்சியால் ஒட்டக்கூடாது. பாலியூரத்தேன் சீலன்ட் வைத்து, எஸ்எஸ் 316 ஸ்குரூவால் பிடிக்க வேண்டும். துறையில் அடுத்த படகோடும் கல்லோடும் இடிபட்டுத் தேய்வது அதுதான், நாலு வருடத்தில் கழற்றி மாற்ற வேண்டியிருக்கும்.

பஞ்சு அடித்துக் குங்கிலியம் காய்ச்சி ஊற்றும் கலப்பத்து வேலை தெரிந்தவர்கள், இந்த ஒட்டையும் அப்படி அடைக்கலாமே என்று கேட்பதுண்டு. பலகைப் படகில் மரம் நனைந்து உப்பி, பஞ்சை நெருக்கிப் பிடிக்கும், அதனால்தான் அது வேலை செய்கிறது. பிளைவுட் அப்படி உப்புவதில்லை, பஞ்சை அடித்தால் ஒட்டு இன்னும் விரியும்.

பெயின்டுக்கு முன் கசிவுச் சோதனை. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூப் லெவல் இதற்குப் போதும். டியூபை 'ப' கவிழ்த்ததுபோல் வளைக்காமல் 'யு' வடிவில் தொங்கவிட்டு, பாதிவரை தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை அந்த 3 எம்எம் துளையில் களிமண் வைத்து இறுக்கிப் பொருத்த வேண்டும். மூடியில் தற்காலிகமாகச் சொருகிய இன்னொரு குழாய் வழியாக வாயால் மெல்ல ஊதி, இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் 5 செ.மீ. வித்தியாசம் வந்ததும் அடைத்துவிட வேண்டும். இதுவே சதுர மீட்டருக்கு 50 கிலோ. காற்றடிக்கும் கம்பிரசர் பக்கமே போகக்கூடாது, நல்ல ஒட்டையும் பிளந்துவிடும். ஓரமெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவினால் கசியும் இடத்தில் நுரை கட்டும்.

இதை விடியற்காலையில், நிழலில் செய்ய வேண்டும். அடைபட்ட காற்று ஒரு டிகிரி சூடேறினாலே டியூபில் வித்தியாசம் மூன்று செ.மீ.-க்குமேல் கூடும், ஒரு டிகிரி குளிர்ந்தால் அவ்வளவு குறையும். வெயில் பட்ட படகில் மட்டம் இறங்குவதையும் ஏறுவதையும் வைத்து ஒன்றும் முடிவு சொல்ல முடியாது. இந்தப் படகில் முதல் தடவை அணியத்தின் வலமூலையில் ஒரே ஓர் இடத்தில் நுரை வந்தது. குத்தூசியால் அந்த இடத்தைக் கீறி, உள்ளே எபாக்சி விட்டு, மறுநாள் காலை மறுபடி ஊதியபோது மட்டம் பத்து நிமிடம் அசையாமல் நின்றது.

ஒரு வாரம் காயவிட்டு, கழுவி, தேய்த்து, இரண்டு பூச்சு வெள்ளைப் பாலியூரத்தேன் பெயின்ட். எபாக்சி வெயிலுக்குத் தாங்காது, பெயின்ட் உரிந்த இடத்தை ஒரு கோடைக்குமேல் விட்டால் சுண்ணாம்பு போலப் பொடியும். மொத்தச் செலவில் எபாக்சி சுமார் 3 கிலோ: ஒட்டுக்கும் உள்மூலைக்கும் முக்கால் கிலோ, அடிப்பூச்சுக்கு ஒன்றேகால், டேப்புக்கும் வெட்டுமுனைக்கும் மீதி.

புரட்டாசியில், மழைக்கு முன், மூடியைத் திறந்து உள்மூலையைக் கையால் தடவிப் பார்ப்பதும், ஓரம் நெடுக ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போவதும் பத்து நிமிட வேலை. சத்தம் கணீரென்று ஒரே மாதிரி வர வேண்டும். மாறும் இடத்தில் பென்சிலால் குறி போட்டு, தேதி எழுதி, அடுத்த மாதம் அந்தக் குறி நீண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.